பழைய மீன் தொட்டி வாங்குவதும் கழுவுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு மாறுகிறவர்களும், வளர்த்துச் சலித்தவர்களும், மீன்கள் அடுத்தடுத்துச் செத்து மனம் நொந்தவர்களும் தங்கள் கண்ணாடித் தொட்டிகளைக் குறைந்த விலைக்கு விற்றுவிடுகிறார்கள். அவற்றை வாங்க நினைப்பவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இங்குச் சொல்லப்படுபவை அனைத்தும் நன்னீர் வண்ண மீன்களுக்கான தொட்டிகளைப் பற்றியவை. கடல்நீர்த் தொட்டிகளின் கணக்கு வேறு.

பழைய தொட்டியை நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். மீன் தொட்டி என்பது ஐந்து கண்ணாடிப் பலகைகளும் அவற்றை ஒட்டி நிறுத்தும் சிலிக்கானும்தான். கீறலும் விரிசலும் இல்லாத கண்ணாடி இருபது ஆண்டு கழித்தும் அதே கண்ணாடியாகவே இருக்கும். வயதாவது சிலிக்கான் ஒட்டுக்குத்தான். ஆகவே பாசி படிந்து, உப்புக் கறை ஏறி, பார்க்கவே அருவருப்பாக இருக்கும் தொட்டி உறுதியானதாக இருக்கக்கூடும். துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கும் தொட்டி நள்ளிரவில் கூடம் முழுவதும் தண்ணீரை விட்டுவிடவும் கூடும். அழுக்கைக் காரணம் காட்டி விலையைக் குறைத்துப் பேசுங்கள். ஒட்டு சரியில்லை என்றால் விலை பேசவே வேண்டாம், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

எங்கே தேடுவது?

குடியிருப்பு வளாகங்களின் வாட்ஸ்அப் குழுக்களில்தான் நல்ல தொட்டிகள் முதலில் வருகின்றன. வீட்டைக் காலி செய்கிறவருக்கு மாதக் கடைசிக்குள் தொட்டி போனால் போதும் என்ற அவசரம் இருப்பதால், ஸ்டாண்டு, மூடி, விளக்கு, ஃபில்டர் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்துவிடுவார். வண்ண மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் கடைக்காரர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். புதுத் தொட்டி வாங்க வருபவரின் பழையதை எடுத்துக்கொள்ளும் கடைக்காரர்கள் உண்டு. எனினும் வீட்டில், ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் பார்க்கக் கிடைக்கும் தொட்டியே என் முதல் தேர்வு. தண்ணீர் நிறைந்து நிற்கும் தொட்டி தன் ஒட்டின் நிலையைத் தானே காட்டிக்கொண்டிருக்கிறது. மொட்டை மாடியில் இரண்டு வருடம் வெயில் காய்ந்த தொட்டியைப் பற்றி விற்பவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

விற்பவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

ஏன் விற்கிறார் என்பதை முதலில் கேளுங்கள். மீன்கள் செத்துவிட்டன என்று சொன்னால் அதற்காக ஒதுங்க வேண்டியதில்லை. எப்படிச் செத்தன என்று தொடர்ந்து கேட்க வேண்டும். ஒரே இரவில் அனைத்தும் செத்தன என்றால் பெரும்பாலும் மின்வெட்டு, குளோரின், கொசு மருந்து போன்ற ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக மெலிந்து, முதுகு வளைந்து, புண் வைத்துச் செத்தன என்றால் அது மீன்களுக்கு வரும் காசநோயாக இருக்கலாம். அந்தத் தொட்டியைச் சுத்தம் செய்யும் முறை வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்து, தொட்டிக்கு என்ன வயது, கடைசியாக எப்போது தண்ணீர் இருந்தது, எப்போதாவது கசிந்து ஒட்டு போட்டார்களா, செம்பு கலந்த மருந்து ஊற்றினார்களா என்று கேளுங்கள். வெண்புள்ளி நோய்க்குத் தரப்படும் மருந்துகளில் சிலவற்றில் செம்பு உண்டு. அது மீன்களைவிட இறால்களையும் நத்தைகளையும் கொல்லும். சுண்ணாம்புச் சத்துள்ள கற்களிலும் மணலிலும் செம்பு தங்கிவிடுவதால், இறால் வளர்க்க எண்ணுபவர்கள் அத்தகைய தொட்டியின் கற்களை வாங்கவே கூடாது.

இன்னொரு கேள்வி பலருக்குத் தோன்றுவதில்லை. தொட்டி மீனுக்கு மட்டும்தான் பயன்பட்டதா, இடையில் வேறு எதற்காவது பயன்பட்டதா? பெயின்ட் டப்பா, மண்ணெண்ணெய், கரப்பான் மருந்து ஆகியவற்றோடு பரணில் கிடந்த தொட்டிகள் உண்டு. கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடிக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. கண்ணாடியிலிருந்து அவற்றைக் கழுவலாம். பஞ்சு, மரத்துண்டு போன்றவற்றில் ஊறியதை எடுக்க முடியாது.

பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு அளவுகோலும் கைப்பேசி விளக்கும் போதும். விளக்கை ஒட்டின்மேல் சாய்வாகப் பிடித்து மூலைக்கு மூலை மெதுவாக நகர்த்துங்கள். இரு பலகைகள் சேரும் இடத்தில், அவற்றுக்கு நடுவே இருக்கும் மெல்லிய சிலிக்கான்தான் தொட்டியைத் தாங்குகிறது. உள்மூலையில் தடவப்பட்டிருப்பது அதற்குக் காவல். நடு ஒட்டில் நீளமாகக் குமிழிகளோ, வெண்மையாக விட்டுப்போன திட்டுகளோ தெரிந்தால் அது பலவீனம். ஓரிரு சிறு குமிழிகள் புதுத் தொட்டியிலும் இருக்கும். அவை பலகையின் முழு அகலத்தையும் கடந்து உள்ளிருந்து வெளிவரை நீண்டிருக்கிறதா என்பதே கேள்வி.

பிறகு உள்மூலை ஒட்டின் விளிம்பை நகத்தால் லேசாக நெருடிப் பாருங்கள். நல்ல சிலிக்கான் ரப்பர்போல வளைந்து கொடுக்கும், கண்ணாடியை விடாது. பழுத்த சிலிக்கான் நகத்தோடு தோலாக உரிந்து வரும். சிலிக்கானுக்கு அடியில் பச்சையாகப் பாசி ஊர்ந்திருந்தால், அங்கே ஒட்டு கண்ணாடியை விட்டுவிட்டது என்று பொருள். கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் இடத்தில் பாசி நுழைய வழியில்லை. பிளேடால் பாசி சுரண்டியவர்கள் மூலைகளில் சிலிக்கானையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள். அந்த வெட்டுகளையும் பாருங்கள்.

கண்ணாடியில் விளிம்புச் சில்லுகள் மேல்புறத்தில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒட்டுக்குள் போகும் சில்லும், எந்த நீளத்திலானாலும் விரிசலும் கூடாது. விரிசலும் கீறலும் ஒன்றா என்று ஐயம் வந்தால் நகத்தை வைத்துப் பாருங்கள்: கீறல் ஒரு பக்கத்தில் மட்டுமே தட்டுப்படும், விரிசல் விளக்கொளியில் கண்ணாடியின் தடிமனுக்குள் ஒரு வெள்ளித் தகடுபோல மின்னும்.

கண்ணாடி எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும்?

மேல்விளிம்பில் அளவுகோலை வைத்தால் தெரிந்துவிடும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டிக்கு 5 மி.மீ., மூன்றடி நீளமும் ஒன்றரை அடி உயரமும் உள்ளதற்கு 8 மி.மீ., அதே உயரத்தில் நான்கடி நீளம் என்றால் 10 மி.மீ. என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. இதைவிட மெல்லிய கண்ணாடியில், மேலே குறுக்குச் சட்டம் கொடுத்துச் செய்த தொட்டிகள் ஏராளமாக ஓடுகின்றன என்பதும் உண்மைதான். பழையது என்பதால் நான் சற்றுக் கூடுதலாகவே கேட்கிறேன்.

இங்கே பலர் தவறாக எண்ணும் ஒன்று உண்டு. கண்ணாடியின்மீது விழும் அழுத்தம் நீரின் உயரத்தைப் பொறுத்தது. தொட்டி முன்பின்னாக எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்ததன்று. 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. உயரமும் உள்ள முன்கண்ணாடியை, விளிம்புவரை நிறைந்த நீர் ஏறக்குறைய 90 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளுகிறது. உயரத்தை இரட்டிப்பாக்கினால் அந்த விசை நான்கு மடங்காகும். எனவே உயரமான தொட்டிகளை வாங்கும்போதுதான் அதிக எச்சரிக்கை வேண்டும். குட்டையாக நீண்ட தொட்டி மீனுக்கும் நல்லது, கை விட்டுக் கழுவவும் எளிது.

எவ்வளவு விலை கொடுக்கலாம்?

அதே அளவுத் தொட்டியைப் புதிதாகச் செய்து தர உங்கள் பகுதிக் கடைக்காரர் என்ன கேட்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். வெறும் தொட்டிக்கு அதில் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. கூடவே வரும் பொருள்களுக்குத் தனி விலை சொன்னால், ஸ்டாண்டுக்கு மட்டும் கொடுங்கள். ஃபில்டரும் விளக்கும் ஓடினால் லாபம், ஓடாவிட்டால் நஷ்டமில்லை என்ற கணக்கில் வையுங்கள். மரத்தூள் பலகையால் செய்த ஸ்டாண்டு ஒருமுறை நனைந்து ஊதியிருந்தால் விறகுக்குக்கூட ஆகாது. இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டில் மேல்துரு இருந்தால் உப்புத்தாள் போட்டு பெயின்ட் அடிக்கலாம். வெல்டிங் வைத்த மூட்டில் துரு தின்றிருந்தால் வேண்டாம்.

வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது?

முழுவதும் காலி செய்த பிறகு மட்டுமே கொண்டுவர வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வீடு காலி செய்த ஒரு குடும்பத்திடம் மூன்றடித் தொட்டி ஒன்றை வாங்கியபோது, தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் கிடந்த கற்களை அள்ளச் சோம்பல்பட்டு, அப்படியே தூக்கிக் குட்டி யானையில் ஏற்றினோம். கூழாங்கற்களின் எடை நடுவில் அழுத்த, வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் குதிக்க, வீடு வந்து சேர்ந்தபோது கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தண்ணீர் நிரப்பி வைத்த மறுநாள் காலையில், பின்பக்க இடது மூலைக்குக் கீழே செய்தித்தாள் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குக் கறுத்திருந்தது. அந்த ஒரு நாணயத்துக்காகத் தொட்டி முழுவதையும் மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று.

தூக்கும்போது அடிக்கண்ணாடிக்குக் கீழே கை கொடுங்கள். மேல் சட்டத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. 8 மி.மீ. கண்ணாடியில் செய்த மூன்றடித் தொட்டி வெறுமையாகவே 32 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆகவே இரண்டு பேர் வேண்டும். வண்டியில் தெர்மாகோல் அல்லது பழைய மெத்தையின்மேல் நிமிர்த்தி வைத்து, பக்கங்களில் துணி செருகுங்கள். இருசக்கர வாகனத்தில் பின்னால் உட்கார்ந்தவர் மடியில் வைத்துக் கொண்டுவருவதை ஓரடித் தொட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கசிவைச் சோதிப்பது எப்படி?

கழுவுவதற்கு முன்பே சோதியுங்கள். கசிகிற தொட்டியைத் தேய்த்துக் கழுவி என்ன பயன்? சமமான தரையில் தெர்மாகோல் விரித்து அதன்மேல் தொட்டியை வையுங்கள். தரை ஏறுமாறாக இருந்தால், நல்ல தொட்டியும் முறுக்கேறி விரிசல் விடும். அடிக்கண்ணாடி பிளாஸ்டிக் சட்டத்தின்மேல் உயர்ந்து நிற்கும் வகையாக இருந்தால் மட்டும் தெர்மாகோல் வேண்டாம். அந்த வகையில் எடையைச் சட்டமே தாங்க வேண்டும், நடுக்கண்ணாடி எதன்மீதும் அழுந்தக் கூடாது. வெயிலில் வைத்துச் சோதிக்கவும் கூடாது. சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த போர் தண்ணீரை ஊற்றினால் அது சட்டென்று விரிசல் விட்டுவிடும்.

நான்கு பக்கமும் உலர்ந்த செய்தித்தாளைத் தொட்டியின் ஓரத்தைத் தொடுமாறு பரப்புங்கள். முதலில் கால் பங்கு நீர் ஊற்றி ஒரு மணி நேரம் பாருங்கள், பிறகு பாதி, பிறகு முழுவதும். முழு உயரத்தில் 48 மணி நேரம் நிற்க வேண்டும். நீர்மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். ஆவியாகி ஒரு சில மில்லிமீட்டர் குறைவது இயல்பு. மழைக்காலத்தில் குளிர்ந்த நீர் நிறைந்த கண்ணாடியின் வெளிப்புறம் வியர்த்து வழிவதைக் கசிவென்று எண்ணிப் பதறுகிறவர்கள் உண்டு. துடைத்துவிட்டுப் பாருங்கள். வியர்வை கண்ணாடி முழுவதும் பரவி வரும். கசிவு அதே கோட்டில், அதே புள்ளியில் திரும்பத் திரும்ப வரும்.

நிரம்பிய தொட்டியின் முன்கண்ணாடியில் நேரான அளவுகோல் ஒன்றைக் கிடையாக வைத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். நடுவில் கண்ணாடி சற்றுப் புடைத்திருப்பது எல்லாத் தொட்டியிலும் உண்டு. கண்ணுக்கே தெரியும் அளவுக்கு வயிறு தள்ளியிருந்தால் கண்ணாடி மெல்லியது, அல்லது மேலே இருந்த குறுக்குச் சட்டத்தை யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

கசிந்தால் நாமே ஒட்டலாமா?

உள்மூலை ஒட்டு மட்டும் போயிருந்தால் ஒட்டலாம். பலகைகளே நகர்ந்து நடு ஒட்டு விட்டிருந்தால் தொட்டியைப் பிரித்து மறுபடி சேர்க்க வேண்டும். அதைத் தொட்டி செய்பவரிடம் விட்டுவிடுங்கள், கூலியையும் புதுத் தொட்டியின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு.

கசியும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பூசினால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது. புதுச் சிலிக்கான் கண்ணாடியில் நன்றாகப் பிடிக்கும். காய்ந்த பழைய சிலிக்கானில் அவ்வாறு பிடிக்காது. ஆகவே உள்மூலை ஒட்டு முழுவதையும் பிளேடால் அறுத்தெடுத்து, எச்சம் ஒரு இழைகூட இல்லாமல் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். பலகைகளுக்கு நடுவே இருக்கும் ஒட்டைத் தொடக் கூடாது. பிறகு இரு பக்கமும் டேப் ஒட்டி, இடையில் சிலிக்கானைத் தொடர்ச்சியாக விட்டு, விரலால் ஒரே இழுப்பில் வழித்து, அது தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். வாங்கும்போது குப்பியின்மேல் பூஞ்சைத் தடுப்பு என்று போட்டிருந்தால் அது குளியலறைக்கானது. அதில் உள்ள மருந்து மீனைக் கொல்லும். வேறு எதுவும் கலக்காத முழுச் சிலிக்கான்தான் வேண்டும். காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அந்த வாடை முற்றிலும் போகும்வரை, குறைந்தது மூன்று நாள், தண்ணீர் விடாதீர்கள். நான் ஒரு வாரம் விடுவேன்.

கண்ணாடியில் உள்ள வெள்ளைக் கறை ஏன் எதற்கும் போகவில்லை?

ஏனென்றால் அது அழுக்கில்லை, கல். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் கடின நீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த கால்சியம் கண்ணாடியில் கார்பனேட்டாகப் படிந்துவிடுகிறது. நீர்மட்டம் நின்ற உயரத்தில் அது பட்டையாகத் தெரியும். சோப்புக்கு அது அசையாது, புளிப்புக்குக் கரையும். கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் சமையலறைத் தாளையோ பழைய பனியன் துணியையோ நனைத்துக் கறையின்மேல் ஒட்டி, காயாமல் இருக்க அவ்வப்போது வினிகர் தெளித்து, ஒரு மணி நேரம் விடுங்கள். உற்றுப் பார்த்தால் துணியின் ஓரத்தில் பொடிக் குமிழிகள் கிளம்புவது தெரியும். கல் கரைந்து கரியமில வாயுவாக வெளியேறுகிறது. பிறகு கண்ணாடிக்கேற்ற பிளேடைச் சாய்வாக வைத்துத் தள்ளினால் தயிர் ஏடுபோல வழித்துக்கொண்டு வரும். தடித்த கறைக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். எலுமிச்சைச் சாறும் இதே வேலையைச் செய்யும், மெதுவாக.

பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் போய்விடுமே என்பார்கள். போகும். அதன் புகை உங்கள் நெஞ்சுக்குள்ளும் போகும், ஸ்டாண்டின் இரும்பையும் தின்னும். ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக அதை நான் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன்.

வினிகரால் துடைத்தும் மங்கலாகவே இருந்தால், அவை மணலோடு சேர்த்துத் தேய்த்ததால் விழுந்த நுண்கீறல்கள். கண்ணாடியில் அவற்றை நீக்குவது வீட்டில் ஆகிற வேலையன்று. ஆனால் உள்பக்கத்து மெல்லிய கீறல்கள் தண்ணீர் நிறைந்ததும் பெரும்பாலும் மறைந்துவிடும். அக்ரிலிக் தொட்டியாக இருந்தால் பிளேடையும் ஸ்பிரிட்டையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். முதலாவது கீறும், இரண்டாவது வெடிப்புகளை உண்டாக்கும்.

சோப்பு, பாத்திரம் தேய்க்கும் திரவம் பயன்படுத்தலாமா?

வேண்டாம். சிலிக்கான் ஒட்டின் ஓரங்களிலும் இடுக்குகளிலும் தங்கும் சோப்பு மீனின் செவுள்களைப் பாதிக்கும். பாத்திரம் தேய்த்த பழைய ஸ்கிரப்பரையும் பயன்படுத்தாதீர்கள். புதிதாக ஒன்று வாங்கித் தனியே வையுங்கள்.

நோய்க்கிருமிகளை எப்படி நீக்குவது?

பெரும்பாலான கிருமிகளுக்கு வெயிலும் வறட்சியுமே போதும். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி, நீரும் மீனும் இல்லாமல் பிழைக்காது. தொட்டியைக் கழுவி ஒரு வாரம் நன்றாகக் காயவிட்டால் அது முடிந்தது.

அதற்கு மேலும் உறுதி வேண்டுமானால் ப்ளீச். நான்கு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள, வாசனை சேர்க்காத திரவத்தில் ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீர் கலந்து, உட்புறம் முழுவதும் துணியால் பூசி, 15 நிமிடம் ஈரமாகவே வைத்திருங்கள். பின்பு மூன்று நான்கு முறை கழுவி, கடைசிக் கழுவலில் ஹைப்போ என்று கடைகளில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் ஒரு தேக்கரண்டியை ஒரு வாளி நீரில் கரைத்து ஊற்றினால் மிச்சக் குளோரின் முறிந்துவிடும். மூக்கை வைத்துப் பாருங்கள். நீச்சல் குளத்து வாடை சிறிதும் இருக்கக் கூடாது.

ப்ளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் ஒன்றாகப் பயன்படுத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. முதலில் வினிகர் வேலையை முடித்து, நன்றாகக் கழுவி, மறுநாள் ப்ளீச்சை எடுங்கள்.

மீன் காசநோய் இருந்ததாக ஐயம் இருந்தால் நீர்த்த ப்ளீச்சை மட்டும் நம்பாதீர்கள். மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் அந்தக் கிருமி குளோரினை ஓரளவு தாங்கும். எழுபது சதவீத ஆல்கஹாலால் துடைத்து, அது தானாகக் காயும்வரை விட வேண்டும். சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு, விளக்கு அருகில் இல்லாமல். அந்தத் தொட்டியோடு வந்த கல், பஞ்சு, செடி எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கிருமி மனிதரின் கையில் உள்ள சிறு வெட்டு வழியாகவும் நுழைந்து, ஆறாத கட்டிகளை உண்டாக்கும். ஆகவே எந்தப் பழைய தொட்டியைக் கழுவும்போதும் கையுறை போடுவது நல்லது. தொட்டி கழுவிய சில வாரங்களில் கையில் அப்படி ஏதேனும் தோன்றினால், மருத்துவரிடம் மீன் தொட்டி கழுவினேன் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்ற வழியில்லை.

மாடியில் மழைநீர் தேங்கிக் கிடந்த தொட்டிக்குத் தனிக் கவனம் வேண்டுமா?

வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. அவை காய்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடு இருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். எனவே தண்ணீரைக் கவிழ்த்துக் காயவைத்தால் மட்டும் போதாது; மேல்விளிம்பிலிருந்து அடிவரை பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

கூடவே வரும் ஃபில்டர், ஹீட்டர், கற்களை என்ன செய்வது?

ஃபில்டரின் பழைய பஞ்சையும் கரியையும் எறிந்துவிடுங்கள். மோட்டாரைத் திறந்தால் காந்தத்தோடு சுழலும் சிறு இறக்கை ஒன்று இருக்கும். அது ஓடாமல் உறுமினால் பெரும்பாலும் உப்பு படிந்த அச்சுதான் காரணம். வினிகரில் இரவு முழுவதும் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் ஓடத் தொடங்கும். காற்று பம்ப்பில் காற்று குறைந்திருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கும். கம்பியின் உறை வெடித்த எதையும் பயன்படுத்தாதீர்கள், தண்ணீருக்குள் மின்சாரம் விளையாட்டன்று. கம்பியைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டால், அதன்வழி வழியும் நீர் பிளக்குக்குள் போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும்.

ஹீட்டர் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் தேவைப்படும். சென்னையிலும் மதுரையிலும் நம் வீடுகளில் பெரும்பாலும் தேவையே இல்லை. பழைய ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்க்குள் ஈரம் தெரிந்தால் குப்பைக்குத்தான்.

கற்களின்மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கினால் அது சுண்ணாம்புக் கல். தண்ணீரின் கடினத்தைக் கூட்டும். சாயம் பூசிய கற்களில் சாயம் உரிந்தால் வேண்டாம். பெரிய கற்களைக் கொதிக்கவைக்காதீர்கள். உள்ளே சிறைப்பட்ட ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கக்கூடும்.

பழைய ஃபில்டர் பஞ்சில் நல்ல பாக்டீரியா இருக்குமே, அதை ஏன் எறிய வேண்டும்?

நியாயமான கேள்விதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில்தான் குடியிருக்கின்றன. அவை புதிதாகப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன்கள் நலமாக நீந்திக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து, அன்றே, அதே தொட்டி நீரில் மூழ்கிய நிலையில் பஞ்சைக் கொண்டுவர முடிந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அந்த ஆறு வாரம் பெரிதும் குறையும். அந்த நிலையில் தொட்டிக்கும் ப்ளீச் வேண்டாம், வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். காய்ந்துபோன பஞ்சில் நன்மை எதுவும் மிஞ்சியிருக்காது.

கழுவியதும் மீன் விடலாமா?

தொட்டி சுத்தமாக இருப்பதும் மீன் வாழத் தயாராக இருப்பதும் வேறு வேறு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்தோ, ஹைப்போ சொட்டுகள் விட்டோ நீக்குங்கள். ஃபில்டரை ஓடவிட்டு, முதலில் இரண்டு மூன்று தாங்குதிறன் உள்ள சிறு மீன்களை மட்டும் விட்டு, தீனியைக் கிள்ளிக் கிள்ளிப் போடுங்கள். வாரத்துக்கு இருமுறை கால்பங்கு நீரை மாற்றிவந்தால் அம்மோனியா தலைதூக்காது. கடையில் ஒரே நாளில் பதினைந்து மீன் வாங்கி விடுகிறவர்களின் தொட்டிகள்தான் மூன்று மாதம் கழித்து விற்பனைக்கு வருகின்றன.

தொட்டியை எங்கே வைப்பது? தரை தாங்குமா?

90க்கு 45க்கு 45 செ.மீ. தொட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 182 லிட்டர். நீரும் கண்ணாடியும் கல்லும் சேர்த்து 220 கிலோவைத் தாண்டும். கான்கிரீட் தளம் இதைத் தாங்கும். எனினும் அறையின் நடுவில் வைக்காமல் சுவரோரம் வையுங்கள். நேர் வெயில் படும் சன்னலோரம் வேண்டாம். பாசி வளர்ப்பதற்குத்தான் அது உதவும். வாஸ்து மூலையில் வைக்க வேண்டும் என்றால் வையுங்கள், அந்த மூலையில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீனையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

வளர்க்க இடம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே மறுத்துவிடுங்கள். இத்தகைய தொட்டிகளில் கடைசிவரை சாகாமல் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சக்கர் மீன்தான். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விரல் நீளத்தில் விற்கப்படும் அது, ஓரடிக்கு மேல் வளரும்; பாசியை உண்பதைவிட அதிகமாகக் கழிவு போடும். பாவம் பார்த்து ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடுகிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் தமிழகத்து நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொண்டு, மீனவர்களின் வலைகளையும் கிழிக்கிறது. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ ஒப்படையுங்கள். செடிகளையும் சாக்கடையில் எறியாமல், வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

தேறாத தொட்டியை வேறு எதற்காவது பயன்படுத்தலாமா?

கசிகிற தொட்டி மண் தாங்கும். அடியில் கரித்துண்டுகளும் கூழாங்கற்களும் பரப்பி, மேலே மண் நிரப்பி, நிழலில் வளரும் சிறு செடிகளை வைக்கலாம். விரிசல் விட்ட கண்ணாடியாக இருந்தால், குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டி, சாக்கில் கட்டி, உள்ளே கண்ணாடி என்று எழுதித் தூய்மைப் பணியாளரிடம் கையில் கொடுங்கள்; குப்பைத் தொட்டிக்குள் அப்படியே தள்ளிவிட்டால் அவர் கையைத்தான் அது கிழிக்கும்.